மரத்திலிருந்து இறங்கி வந்தவள்

நம் ஊர்க் கதைகளில் மரத்தில் குடியிருக்கும் பெண் என்றாலே பயம்தான். உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். அப்படியொரு பெண்ணை மரத்தைவிட்டு இறக்கி ராணியாக்கிப் பார்த்தவர் அலெக்சாண்டர் மெக்வீன். 2008 பிப்ரவரி இறுதியில் பாரிஸில் அந்த ஆங்கிலேய டிசைனர் காட்டிய உடைத் தொகுப்பின் பெயரே 'மரத்தில் வாழ்ந்த பெண்'. அவர் வீட்டுத் தோட்டத்தில் நின்ற முதிய எல்ம் மரமும், அதற்குச் சற்று முன்பு அவர் மேற்கொண்ட இந்தியப் பயணமும் சேர்ந்து பிறந்த கதை அது.

முதல் பாதி முழுக்கக் கறுப்பு. இருட்டிலேயே வாழ்ந்தவள் அல்லவா! பிறகு இளவரசனுக்காக இறங்கி வருகிறாள். சிவப்பும் பொன்னும் தந்த வெள்ளையும் வருகின்றன. அந்தப் பளபளப்பில் விக்டோரியா காலத்து அரண்மனை வாசம் தூக்கல். ஆளப்பட்டவர்களான நமக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஆனால் தொகுப்பில் வரும் மயில்களைப் பார்த்ததும் நான் சமாதானமாகிவிடுகிறேன்.

நம் பட்டில் மயில் என்றால் நீலமும் பச்சையும் ஜரிகையும். மெக்வீன் எல்லா நிறத்தையும் எடுத்துவிட்டார். வெள்ளை உடையின் மேல் கறுப்பு லேஸில் எதிரெதிரே இரண்டு மயில்கள். தோகை பாவாடை நெடுகப் படர்கிறது. லேஸின் ஓட்டை வழியே அடித்துணியின் வெள்ளை தெரிகிறதே, தோகைக் கண்களுக்கு ஒளி அங்கிருந்துதான். நிறமே இல்லாமல் மயிலை மயிலாக நிறுத்தியிருக்கிறார்.

இன்னொன்று, சிவப்பு சாட்டின் பட்டு மேலங்கிக்குள் தெரியும் தந்த நிற சிஃபான் கவுன். அதன் மேல் பளிங்கு மணிகள். சிஃபானில் மணி வைப்பது என்ன பாடு என்று சென்னை ஆதம்பாக்கத்தில் ஸ்டாண்டில் துணியைக் கட்டி ஆரி எம்பிராய்டரி போடும் பெண்களைக் கேளுங்கள். துணியைத் தளர்த்திக் கட்டினால் சுருங்கும், இறுக்கினால் இழை விலகும். ஆரியில் கொக்கி ஊசி மேலிருந்து இறங்கி, அடியில் பிடித்திருக்கும் நூலை வளையமாக மேலே இழுக்கிறது. ஒரு வளையத்தை அடுத்த வளையம்தான் பிடித்து நிற்கும். கடைசி வளையத்துக்கு முடிச்சு சரியாக விழாவிட்டால், நூலை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், ஒரு வரிசை மணியும் கொட்டிவிடும். தொட்டால் உதிர்ந்துவிடும்போல் தோன்றும் ஓர் உடையை உதிராமல் காப்பது அந்த முடிச்சுதான்.

மெக்வீன் 2010இல், நாற்பது வயதில், இறந்துபோனார். மறு வருடம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்த அவர் உடைகளின் கண்காட்சிக்கு ஆறரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

நம் தெருவில் ஆரி ப்ளவுஸுக்குக் கொடுத்திருக்கிறீர்களா? லைனிங் வைப்பதற்கு முன் ஒரு தடவை போய்த் துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முடிச்சுகள் ஒழுங்காக இருந்தால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.