காணாமற் போன குமாரனும் வேடரிடை வளர்ந்த குமாரனும்

கிறித்தவ வேதத்துள் லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தே மூன்று உவமைக் கதைகள் அடுத்தடுத்து வருகின்றன. நூறு ஆட்டுள் ஒன்று தவற, மேய்ப்பன் ஏனையவற்றை விட்டு அதனைத் தேடிச் செல்வது ஒன்று. பத்து வெள்ளிக்காசுள் ஒன்றை இழந்த பெண் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடுவது ஒன்று. தன் பங்கைப் பெற்றுத் தூரதேசஞ் சென்று அதனை அழித்த இளைய மகன், பன்றி மேய்த்துப் பசியால் நலிந்து தந்தையிடம் மீள்வது பிறிதொன்று. கெட்டாரை இறைவன் தேடி மீட்பான் என்னும் அவர்தங் கொள்கைக்கு இவை உயிர்நிலையாம்.

நம்மவருட் சிலர் இம்மூன்றாங் கதையையும், சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்து அமைந்த அரசகுமாரன் உவமையையும் ஒன்றெனவே கூறி மகிழ்கின்றனர். இரண்டினும் தந்தை உளன், மகன் உளன், பிரிவும் கூடலும் உள. ஆகலின் பொருளும் ஒன்றே என்பது அவர் துணிபு. வேறு சிலர் அக்கதையை நகையாடித் தள்ளுவர். நகை மறுப்பாகாது, அவரை விடுத்து முன்னவர் கூற்றை ஆராய்வாம்.

இளைய மகன் தந்தையை அறிந்தவன். அறிந்தே பங்கு கேட்டான், அறிந்தே அகன்றான். ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்த அரசகுமாரனோ தான் அரசன் மகன் என்பதையே அறியான்; தன்னையும் வேடனென்றே எண்ணியிருந்தான். முன்னது அறிந்து செய்த பிழை. பின்னது அநாதியே பற்றிய அறியாமை. இளையவன் தன் காலால் நடந்து மீண்டான். தந்தை தூரத்தே கண்டு ஓடி எதிர்கொண்டான். அரசகுமாரனுக்கு மீளுதற்கு ஓரிடம் உண்டென்பதே தெரியாதாகலின், முதல்வனே குருவாய் எழுந்தருளி உணர்த்த வேண்டுவதாயிற்று. இவ்விரண்டையும் ஒன்றென்பார் சூத்திரத்தின் உயிர்ப்பொருளையே கைவிட்டவராவர்.

நம் நூற்கருத்துக்கு அணித்தாய் நிற்பது, யாரும் எடுத்துக்காட்டாத அக்காசின் கதையே. காசு வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. வீட்டினுள்ளே இருளில் மறைந்து கிடந்தது. தான் மறைந்துள்ளமையை அது அறியாது. விளக்கு வந்த பின்னரே புலனாயிற்று. இறைவனது வியாபகத்தினுள்ளே இருந்தும் ஆணவ இருளால் அவனைக் காணாது கிடக்கும் உயிர்க்கு இதனினும் நெருங்கிய உவமை கிடைப்பது அரிது. ஆயினும் இதுவும் ஒருபுடை ஒப்பே. காசு சடம், உயிரோ சித்து. காசு தவஞ் செய்யாது. குரு உணர்த்துவது தவத்தினாலேயே என்று மெய்கண்டார் வரையறுத்தார்.

சொல்லொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. மூன்று கதைக்கும் மூலமாகிய கிரேக்கத்தில் ஆளப்பட்ட வினைச்சொல் ஒன்றே. அழிதல், காணாமற் போதல் என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. தமிழிற் ‘கெடுதல்’ என்பதும் அத்தகையதே. கெடுத்தல் என்றால் பொருளை இழத்தல் என்பது பழைய வழக்கு. ‘கெட்ட குமாரன்’ என்னும் வழக்கைக் கேட்போர் ஒழுக்கங் கெட்டவன் என்று மட்டுமே கொள்வது சொல்லின் பாதிப்பொருளைக் கெடுப்பதாகும்.

இனித் தடை ஒன்று. தந்தை வீட்டில் குறைவின்றி இருந்த மகன் போகத் துணிந்தது எதனால்? கிறித்தவர் ஆதாமின் வீழ்ச்சியையும் மனிதனது சுயாதீனத்தையும் காரணமாகக் கூறுவர். தூயதாயிருந்த உயிரைப் பாசம் பற்றிற்றெனின் முத்தியுற்ற உயிரையும் அது மீளப் பற்றாதோ என்பது நம் ஆசிரியன்மார் பிற மதத்தாரை வினவும் வினா. அஃது இங்கும் எழும். நம் கொள்கையில் மலம் அநாதி; முத்தியினும் அது சத்தி மடங்கிக் கிடப்பதன்றி அழிவதன்று. ஆகலின் உயிர் முன்பு தூயதாயிருந்து கெட்டதென்னும் பேச்சிற்கே இடமில்லை.

யார் முந்துவது என்னும் வழக்கு அவர்க்குள்ளேயே நிகழ்ந்தது. மனிதன் தன் விருப்பால் திரும்பக்கூடும் என்றார் பெலாகியர். அருளே முந்தும் என்றார் அகுஸ்தீன். 418இல் கார்த்தேஜில் கூடிய சபையார் பெலாகியர் கொள்கையை விலக்கினர். ஆடும் காசும் அகுஸ்தீன் பக்கம் நிற்கின்றன. இளைய மகன் பெலாகியர் பக்கம் நிற்பவன் போலத் தோன்றுகிறான். ஆயினும் அவன் போன தேசத்தில் பஞ்சம் வந்ததென்று கதை கூறுகின்றதே, அதனை நோக்குக. அப்பசி இன்றேல் அவன் திரும்பியிரான். நம் முறையில் இதனைத் திரோதான சத்தியின் செயலென்னலாம், மறக்கருணையும் கருணையே. இங்ஙனம் கொள்ளின் அவன் நடையிலும் அருள் முந்தியதாகும். இதனைக் கிறித்தவ அறிஞர் மறுப்பார் என்று யான் எண்ணவில்லை.

ஒவ்வாத இடம் வேறு. ஒரு பிறவியோடு காலம் முடிந்ததென்று அவர் கொள்வர். அதற்குட் கிட்டாதவன் என்றுங் கிட்டாதவனே. 3ஆம் நூற்றாண்டினரான ஓரிகேன் எல்லா உயிரும் ஈற்றில் மீளும் என்று கருதினார். பிற்காலத்துச் சபையார் அதனை ஏற்றிலர். காசு கிடைக்குமளவும் தேடினாள் என்று கூறும் கதைக்கும், தேடுதற்கு ஓர் எல்லை குறிக்கும் கொள்கைக்கும் இடையே உள்ள முரணை அவர்தாம் தீர்க்க வேண்டும்.

மனந்திரும்ப வேண்டாத தொண்ணூற்றொன்பதின்மர் யாவர் என்பதும் ஆராயற்பாலது. விஞ்ஞானகலர் முதலிய மூவகை உயிர்க்கும் ஆணவம் உண்டென்னும் நமக்கு அத்தகையார் ஒருவரும் இலர். ஆயின் லூக்காவும் அவரை உண்மையில் உளரென்று கொண்டாரோ என்பது ஐயமே. பாவிகளோடு இயேசு உண்பதைக் கண்டு முறுமுறுத்த பரிசேயரை நோக்கியே அக்கதைகள் சொல்லப்பட்டன. வீட்டை விட்டு அகலாத மூத்த மகன் தம்பிக்குச் செய்த விருந்தைக் கண்டு சினந்து வாயிலிலேயே நின்றான். தந்தை வெளியே வந்து அவனையும் அழைத்தான். அவன் உள்ளே புகுந்தானோ இல்லையோ, லூக்கா சொல்லவில்லை.