வாய் தவறி வந்த சொல்லா?

காந்தி மார்க்கெட் டீக்கடை டி.வி.யில் பழைய காமெடி ஓடுகிறது. ஒருவன் ‘சண்டாளா’ என்று திட்ட, மூட்டை இறக்கிவிட்டு வந்த நம்ம ஆளும் சேர்ந்து சிரிக்கிறார். அது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதி ஒன்றின் பெயர். வசையாகவோ வேடிக்கையாகவோ அதைப் புழங்கக்கூடாதென்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் 2024 ஜூலையில் சொன்னது. ஆனாலும் ஓடுகிறது.

கேட்டால், ‘வாய் தவறி வந்தது, சாதிய நெனச்சா சொன்னோம்?’ என்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் களிமண்ணில் மூட்டை தூக்குகிறவர் பொம்மை செய்து செல்போனில் படம் எடுத்தார்கள். காலை இம்மி நகர்த்தி ஒரு படம், இன்னும் இம்மி நகர்த்தி இன்னொன்று. ஒரு நொடி நடக்க 12 படம். பொம்மை தானாகக் குனியாது; குனிய வைப்பது ஒரு கை. எங்கள் பிள்ளைகள் அவரை நிமிர்ந்து நடக்க வைத்தார்கள். காமெடியும் அப்படித்தான். எழுதி, நடித்து, வெட்டி ஒட்டி, குரல் சேர்த்து, தணிக்கை தாண்டி வருகிற சொல்லில் வாய் எங்கே தவறும்?

விதி என்ன சொல்லுது? 1994 கேபிள் டி.வி. விதிகளில், விளம்பரம் சாதியை இழிவுபடுத்தக்கூடாதென்று பேர் சொல்லியே இருக்கிறது. நிகழ்ச்சிகளுக்கான பகுதியில் ‘சமூகங்கள்’ உண்டு. சாதி என்ற சொல் இல்லை. சோப்பு விற்கிறவனுக்குள்ள கட்டுப்பாடு சிரிப்பு விற்கிறவனுக்கு வேண்டாமா? அந்தச் சொல்லை அங்கேயும் எழுதுங்கள். அப்புறம் சேர்ந்து சிரிப்போம்.