அடி வாங்குபவளுக்கே அறிவுரை

கொரோனாவால் 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. கொழும்பு மாவட்டத்தில் அது மே மாதக் கடைசி வரை நீடித்தது. வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனையில் தோட்டம் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளின் ஒற்றை அறைகளிலும் அடிப்பவனும் அடிபடுபவளும் ஒன்றாக அடைபட்டார்கள். அந்த நாட்களில் குடும்ப வன்முறை பற்றி நம்மவர்கள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் நிறையப் பேசினார்கள். அந்தப் பேச்சு யாருக்கு உதவியது என்பதை இப்போதாவது நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அதன் நன்மையை மறுக்க முடியாது. புருஷன் பெண்சாதி சண்டைக்குள் நாங்கள் ஏன் தலையிட வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொள்ளும் சமூகத்தில், இது குற்றம் என்று பலர் தம் பெயரிலேயே எழுதினார்கள். அரசின் 1938 உதவி இலக்கம் கைமாறிக் கைமாறிப் போனது.

ஆனால் காரணம் சொன்ன விதம் பிழை. வருமானமில்லை, வீட்டுக்குள் அடைபட்ட மன அழுத்தம், அதனால் கை நீளுகிறது என்றார்கள். மதுக்கடைகள் பூட்டியிருந்தபோது, குடிக்கக் கிடைக்காத எரிச்சல் என்றும் எழுதினார்கள். அதற்கு முன்பு காலங்காலமாகக் குடியைத்தான் காரணம் காட்டினோம். குடித்தாலும் அடி, குடிக்காவிட்டாலும் அடி என்றால் இவையெல்லாம் வெறும் சாக்கு. தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வு, துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர் அந்தத் துணையாலேயே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்கிறது. ஐந்தில் ஒருவர். கொரோனா அப்போது இலங்கைக்கு வந்திருக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் குழுக்களில் சுற்றிய மீம்களையும் நினைத்துப் பாருங்கள். வெங்காயம் உரிக்கும் கணவன், பின்னால் பூரிக்கட்டையோடு மனைவி. சிரிப்புக்குத்தானே என்பார்கள். நேற்றிரவு அடிவாங்கிய ஒருத்தி அந்தக் குழுவில் இருந்தால், மாமியும் மைத்துனரும் சிரித்து முடித்த அந்தப் படத்துக்குக் கீழே தன் கதையை எப்படி எழுதுவாள்?

பெயரை மறைத்துப் பகிர்ந்த கதைகளும் பாதுகாப்பானவையல்ல. வெள்ளவத்தையில் எந்த லேன், எத்தனை பிள்ளைகள், கணவருக்கு என்ன வேலை என்று சொன்னால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவனும் வாசிப்பான்.

எனக்கு மிகவும் நோவது அறிவுரைகள்தான். வெளியே வா, பொலிஸுக்குப் போ, காயத்தைப் படமெடுத்து வை. அப்போது போக பஸ் இருக்கவில்லை. ஊரடங்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீதியில் இறங்கினால் அவளையே பிடித்திருக்கலாம். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அவன் கையில். ரீலோட் போடுபவனும் அவன். 2020 ஏப்ரலில் கனடாவின் பெண்கள் அறக்கட்டளை ஒன்று, வீடியோ அழைப்பில் கட்டைவிரலை உள்ளங்கையில் மடித்து மற்ற விரல்களால் மூடிக் காட்டும் உதவிச் சைகையை அறிமுகப்படுத்தியது. நல்ல யோசனை, உலகெங்கும் பரவியது. பரவப் பரவ அடிப்பவனுக்கும் அது தெரிந்துவிடும். தவிர, தனக்கென்று போன் இல்லாதவள் யாருக்குக் காட்டுவாள்?

சுவருக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அந்தப் பேச்சு எதையும் கேட்கவில்லை. அதுவே அதன் மிகப் பெரிய குறை. தோட்டத்து வீடுகளில் பலகைச் சுவர் எதையும் மறைப்பதில்லை. மாடிவீட்டிலும் மேல்மாடிக்காரருக்குத் தெரியும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவளின் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவனை வீட்டுக்குள் வராமல் தடுக்கவும் அந்தக் கட்டளையால் முடியும். பக்கத்து வீட்டார் கொடுக்கும் தகவல் அதற்குத் தொடக்கமாகலாம். நான் வாசித்த பதிவுகளில் இந்த ஏற்பாட்டைச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

அடுத்த முறை சுவருக்கு அப்பால் அலறல் கேட்டால் பதிவு போடுவது பிறகு இருக்கட்டும். முதலில் பொலிஸின் 119ஐயோ அரசின் 1938ஐயோ நீங்களே அழையுங்கள்.