பைத்தான் ஷெல்களும் முதிர்ந்த ஷெல்களும்: ஓர் ஒப்பீடு

பயனர் தட்டச்சு செய்யும் கட்டளையைப் படித்து, உரிய நிரலை இயக்கித் தரும் மென்பொருள் ஷெல் ஆகும். பைத்தான் கற்பவர்கள் பலர் பயிற்சிக்காகச் சொந்தமாக ஒரு ஷெல் எழுதிப் பார்க்கின்றனர். அது பாஷ், ஃபிஷ் போன்றவற்றுக்கு மாற்றாகுமா என்பதை லினக்ஸ் சூழலை வைத்து இங்கே பார்ப்போம்.

தொடக்கம் எளிது. ஒரு வரியைப் படித்து, சொற்களாகப் பிரித்து, சப்பிராசஸ் தொகுதி வழியாக நிரலை இயக்கினால் போதும். ஐம்பது வரிகளுக்குள் முடிந்துவிடும். ஆனால் அடைவை மாற்றும் 'சிடி' கட்டளையை இப்படி இயக்க முடியாது. சேய்ச் செயல்முறை தன் அடைவை மாற்றினால் தாய்ச் செயல்முறையின் அடைவு மாறாது. எனவே அதை ஷெல்லே செய்தாக வேண்டும். மாணவர் பெறும் முதல் நல்ல பாடம் இது.

இதற்குப் பின்னர்தான் குறைகள் தெரியவரும். குழாய்க் குறி, நட்சத்திரக் குறி ஆகியவற்றைக் கையாள, சிலர் முழு வரியையும் 'ஷெல்=ட்ரூ' என்ற தேர்வுடன் சப்பிராசஸிடம் ஒப்படைக்கின்றனர். அப்போது வேலையைச் செய்வது இயங்குதளத்தில் ஏற்கெனவே உள்ள ஷெல்தான். மாணவரின் நிரல் அதற்கு முகப்பு மட்டுமே. வண்ண எழுத்துகளும் அழகிய வரவேற்பு வாசகமும் இதை மாற்றிவிடாது.

இன்னொரு சோதனை கன்ட்ரோல்-சி. அந்தக் குறிப்பு முனையத்தின் முன்னணிச் செயல்முறைக் குழு முழுவதற்கும் செல்லும். கவனிக்காமல் விட்டால், ஓடும் நிரலோடு ஷெல்லும் நின்றுவிடும். ஒவ்வொரு பணிக்கும் தனிக் குழு அமைத்து, முனையத்தை அதனிடம் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். இதற்கான வசதிகள் பைத்தானின் ஓஎஸ் தொகுதியிலேயே உள்ளன. ஆகவே குறை மொழியுடையதன்று, வடிவமைப்பினுடையது.

பாஷை 1989இல் குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்டார். இத்தகைய சிக்கல்களை அது எப்போதோ தீர்த்துவிட்டது. எனினும் முதிர்ச்சி என்பது குறையின்மை அன்று. 2014இல் வெளிப்பட்ட ஷெல்ஷாக் பாதுகாப்புக் குறைபாடு பாஷில் பல்லாண்டுகள் மறைந்திருந்தது. மேற்கோள் குறி இல்லாத மாறியில் இடைவெளியுள்ள கோப்புப் பெயர் இருந்தால், பாஷ் அதை இன்றும் துண்டாக்கிவிடும். 2005இல் வந்த ஃபிஷ் அப்படிச் செய்வதில்லை. ஆனால் பாஷ் நிரல்கள் பல அதில் அப்படியே ஓடா.

பைத்தானைக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு, 2015இல் வெளிவந்த கான்ஷ் நல்ல சான்று. பட்டியல், அகராதி, தசமக் கணக்கு ஆகியவற்றைக் கட்டளை வரியிலேயே பயன்படுத்தலாம். பாஷ் முழு எண் கணக்கை மட்டுமே தானாகச் செய்யும். இதற்கு விலையும் உண்டு. 'எல்எஸ் -எல்' என்பது கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை. எல்எஸ், எல் என்ற பெயர்களில் மாறிகள் ஏற்கெனவே இருந்தால், கான்ஷ் அதைக் கழித்தல் கணக்காக எடுத்துக்கொள்ளும். பைத்தான் மொழிபெயர்ப்பி முழுவதும் ஏறவேண்டியிருப்பதால், தொடங்கவும் பாஷைவிட அதிக நேரம் எடுக்கும்.

ஆகவே பல கணினிகளில் ஓட வேண்டிய நிரல்களுக்கு பாஷ், அன்றாடத் தட்டச்சுக்கு ஃபிஷ், தரவுகளோடு பணியாற்றுவோருக்கு கான்ஷ் எனக் கொள்ளலாம். மாணவர் எழுதும் ஷெல் இவற்றுக்கு மாற்றாகாது. ஆனால் 'ஷெல்=ட்ரூ' இல்லாமல் ஒரு குழாயையும் ஒரு கன்ட்ரோல்-சியையும் சரியாகக் கையாண்டுவிட்டால், இயங்குதளம் செயல்முறைகளை நடத்தும் விதம் அவருக்குப் புரிந்துவிட்டது எனலாம். அந்த ஷெல்லின் மதிப்பு அதில்தான் உள்ளது.