பேன்ட் இல்லாத ஆபீஸ்

புத்தகத்தின் பெயர் 'தி இயர் வித்தவுட் பேன்ட்ஸ்'. அவசரப்பட்டு அட்டை போட்டு மறைக்க வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் இடுப்புக்குக் கீழே என்ன உடுத்தினால் யாருக்கென்ன என்கிற குறும்பு, அவ்வளவுதான். எழுதியவர் ஸ்காட் பெர்குன். மைக்ரோசாஃப்ட்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்து ஆசாமி. புத்தகம் வந்தது 2013-ல்.

வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் கம்பெனியில் 2010-ல் ஒரு குழுவுக்குத் தலைவராகச் சேர்கிறார். அப்போது அங்கே மொத்தம் நூறு பேர்கூட இல்லை. அவர்களும் ஆளுக்கொரு நாட்டில். ஈமெயில் அபூர்வம். அரட்டைக்கு ஐ.ஆர்.சி., ஸ்கைப். முக்கியமானதெல்லாம் 'பி2' என்கிற உள்வீட்டு பிளாகில். யார் என்ன செய்கிறார், ஏன் இப்படி முடிவெடுத்தோம் எல்லாம் அதில் இருக்கும். கம்பெனியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பி.காம். படித்த என் புத்திக்கு இது புதுசாகத் தெரியவில்லை. பழைய மண்டிக் கடைகளில் 'நாள்வழி' என்று ஒரு நோட்டு இருக்குமே, அதேதான். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதிவிட்டால் முதலாளி ஊரில் இல்லாவிட்டாலும் நோட்டு பேசும். ஒருத்தர் தூங்கப் போனதும் இன்னொரு கண்டத்துக்காரர் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம்.

2020-ல் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது என்ன ஆயிற்று? பல கம்பெனிகள் பேன்ட்டை விட்டன, நாள்வழியைப் பிடிக்கவில்லை. ஜூம், டீம்ஸ் என்று பழைய ஆபீஸை அப்படியே கம்ப்யூட்டர் திரைக்குள் ஏற்றினார்கள். காலையில் மீட்டிங், பிறகு அந்த மீட்டிங் பற்றி ஒரு மீட்டிங். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவதற்குள் அது மஞ்சளாகிவிடும். அந்த நவம்பரில், மைக்ரோசாஃப்ட்டின் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' யார் எத்தனை நாள் மெயில் அனுப்பினார், சாட் செய்தார் என்று பெயரோடு காட்டுகிறது எனக் கூச்சல் கிளம்பியது. டிசம்பரில் பெயர்களை எடுத்தார்கள். கூட்டுறவுக்கென்று வந்த கருவி, வாட்ச்மேன் வேலையும் பார்க்கத் தொடங்கிவிட்டது. வேலையைக் காட்டுகிற கருவி வேறு, ஆளைக் காட்டுகிற கருவி வேறு. இந்த வித்தியாசத்துக்காகவே பெர்குனைப் படிக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. இவர் குழுவில் இருந்தவர்கள் புரோகிராமர்கள். செய்த வேலை கோடாகத் திரையில் தெரிந்துவிடும். கலெக்‌ஷனுக்கு அலைகிற, கஸ்டமரைச் சமாதானப்படுத்துகிற வேலை அப்படித் தெரியுமா? தவிர, எழுத்தே ஆபீஸ் என்றால் எழுத வருகிறவனே அங்கே ராஜா. வாயால் கடகடவென்று சொல்லிவிடுகிற கெட்டிக்காரர், இங்கிலீஷில் நாலு வரி அடிக்கத் தயங்கினால் பின்வரிசைதான். இதற்கு இன்னும் கொஞ்சம் பக்கம் ஒதுக்கியிருக்கலாம். ஆனால் ஆள் நேர்மையானவர். அவ்வப்போது குழுவே ஏதென்ஸ் மாதிரி ஓர் ஊரில் கூடி, சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்ததை மறைக்கவில்லை. முகம் பார்த்துச் சிரித்தவர்கள்தான் பிறகு எழுத்தை நம்புகிறார்கள்.

பின்கதை சுவாரஸ்யம். ஆட்டோமாட்டிக் 2017-ல் தன் சான்ஃபிரான்சிஸ்கோ ஆபீஸையே மூடியது, வருகிற ஆட்கள் ரொம்பக் குறைவு என்று. ஜூம் கம்பெனி 2023-ல், ஐம்பது மைலுக்குள் குடியிருக்கும் தன் ஊழியர்களை வாரம் இரண்டு நாளாவது ஆபீஸுக்கு வரச் சொன்னது!

உங்கள் மேனேஜரின் பிறந்தநாளுக்கு இதை வாங்கிக் கொடுங்கள். தலைப்பைப் பார்த்து முறைப்பார். முழுசாகப் படித்தால், கேமராவை ஆஃப் பண்ணச் சொன்னாலும் சொல்வார்.