ஏடு படிக்கும் இயந்திரமும் மாமுனிகள் காட்டிய எல்லையும்

நாலாயிரத்துக்கும் வ்யாக்யானம் அருளிச்செய்தவர் பெரியவாச்சான் பிள்ளை. அவற்றுள் பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்தின் பெரும்பகுதி பிற்காலத்தில் லுப்தமாயிற்று. அக்குறையை நிரப்பியருளிய மணவாள மாமுனிகள் (1370–1443), இழந்த பகுதிக்கு மட்டுமே உரையிட்டார். பூர்வர் ஸ்ரீஸூக்தி கிடைக்கும் இடத்தில் தம் உரையை நிறுத்திக்கொண்டார். ஆகவே எஞ்சியது எது, நிரப்பியது எது என்பதில் இன்றளவும் ஐயமில்லை. செயற்கை நுண்ணறிவு ஏடு படிக்கப் புகுந்திருக்கும் இக்காலத்தில், அதன் பணியை உரசிப் பார்க்க இதனினும் சிறந்த கல் இல்லை.

அப்பணி வேண்டுவதே. 2025-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், 1 கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காக்கும் ஞான பாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டது. கிரந்த எழுத்து 2014-இலேயே யூனிகோடில் இடம்பெற்றது. செல்லரிப்பு எவர்க்கும் காத்திராது. கிரந்தமும் தமிழும் கலந்த மணிப்ரவாள ஏட்டைத் தடையின்றி வாசிப்பாரோ சிலரே.

ஆயினும் ஏடு படித்தல் எழுத்தறிதலோடு முடிவதன்று. பழஞ்சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒரே வடிவாய் நிற்கும். பாவையோ பரவையோ, பெண்ணோ கடலோ என்பதை ப்ரகரணமே தெளிவிக்க வேண்டும். இயந்திரமோ தான் கற்ற நூல்திரளில் மிகுதியாய்ப் பயின்ற சொல்லின் பக்கமே சாயும். அத்திரளில் இக்காலத் தமிழ் மிகுதி, மணிப்ரவாளம் அரிது. நம்பிள்ளை காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முதலியவற்றில், சங்கையும் ஸமாதானமுமாய் நடக்கும் பேச்சின் ஓசை உண்டு. அதனைப் பிழையென்று கருதி இயந்திரம் செப்பனிடுமாயின், நூல் எஞ்சும். ஆசார்யன் குரல் எஞ்சாது. ஏடு முறிந்த இடத்தைத் தடமின்றி நிரப்புவது அதனினும் பெருங்கேடு. அவ்வாறு புகுந்த வாக்யம் பத்தாண்டில் பூர்வாசார்ய வாக்யமாகவே மேற்கோள் காட்டப்படும்.

இதற்கு அஞ்சி ஏட்டைப் பெட்டியிலேயே வைத்திருப்பதும் பரிஹாரமாகாது. பெட்டியிலிருந்தே அழிந்த ஏடுகள் எத்தனையோ. வழி உத்திரமேரூரிலேயே உண்டு. அங்கு வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விதிக்கின்றன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. கல்வியுடையார்க்கும் அவ்விதி உண்டெனில், இயந்திரத்திற்கு விலக்கு ஏது?

ஒவ்வொரு வரியின் அருகிலும் ஏட்டின் படம் இருக்கவேண்டும். ஊகித்த எழுத்து அடையாளம் பெறவேண்டும். இரு பாடம் கொள்ளத்தக்க இடத்தில் இரண்டும் காட்டப்படவேண்டும். முடிவாக, காலக்ஷேபம் கேட்டவர் ஒருவர் ஒப்புநோக்கவேண்டும். இக்கணக்கைக் காட்டும் படி க்ராஹ்யம். காட்டாதது, எத்துணைச் செவ்வையாய் இருப்பினும், வ்யாக்யானக் கோசத்தில் சேர்க்கத்தக்கதன்று.