பொது விரிவுரையும் மலையக மக்களும்: ஒரு நோக்கு

இலக்கியம், வரலாறு, மெய்யியல் முதலிய மானிடப் பண்பியற்றுறைகள் குறித்துப் பல்கலைக்கழகங்களில் நிகழும் உரைகளைப் பொது விரிவுரைகள் என்கின்றோம். இத்தொடரிலுள்ள 'பொது' யாரைக் குறிக்கின்றது என்னும் வினாவைப் பேராதனையிலிருந்து எழுப்புவது பொருத்தமுடையது. 1942 இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் பின்னர்ப் பேராதனையில் நிலைகொண்டது. அங்குப் புகைவண்டி ஏறுவோர் கம்பளை, நாவலப்பிட்டி கடந்து அட்டனை அடைவர். பல்கலைக்கழகம் மலைநாட்டை நோக்கி வந்த காலப்பகுதியிலேதான், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

விரிவுரைக்கு அனுமதி இலவசமென அறிவித்துவிடுவதால் அது பொதுவாகிவிடுவதில்லை. வேலைநாளின் பிற்பகலில் உரை தொடங்கும்போது மலையிற் கொழுந்து நிறுத்தல் நடந்துகொண்டிருக்கும். நிறை குறைந்தால் அரைப்பேர். வராவிடின் பேரே இல்லை. கூலியை இழந்தே கேட்கவேண்டிய உரை, உழைப்பவருக்குரிய உரையாகாது.

ஆயினும் பேராதனைக்கு வேறொரு மரபும் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இற் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றியபோது, மட்டக்களப்புக் கூத்துமரபைப் பல்கலைக்கழகம் கற்றுக்கொண்டது. விடியுமட்டும் ஆடப்பெற்ற கூத்து படித்தோர் அரங்கிற்கேற்பச் சுருக்கப்பட்டது என்னும் விமர்சனம் நியாயமானதே. எனினும் அண்ணாவியாரிடம் பல்கலைக்கழகம் மாணவனாய் நின்றமை பெரும் முன்னேற்றமாகும். மாசி மாதத்திற் காமன் ஊன்றி, தகனத்தோடு நிறைவுறும் மலையகக் காமன் கூத்திற்கு அத்தகைய இடம் அன்று கிடைக்கவில்லை. அயலிலிருந்த கலை தொலைவிலிருந்ததைவிட அந்நியமாய்த் தோன்றியமைக்கு அழகியற் காரணம் மட்டும் போதாது. அக்கலைக்குரியோரின் வர்க்கநிலையையும் நோக்குதல் வேண்டும்.

மலையகத்தார் அறிவுரையாடலின்றி இருந்தவருமல்லர். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்த கோ. நடேசய்யரும், அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் பேச்சையும் பாட்டையும் ஒருங்கே கையாண்டனர். கேட்டவர் மீண்டும் பாடக்கூடிய வடிவிலே கருத்து சென்றடைந்தது. பொது விரிவுரை இன்றும் பெறாத வெற்றி இதுவே.

சி.வி. வேலுப்பிள்ளையின் நூல்கள் பிறிதோர் உண்மையை உணர்த்துகின்றன. தேயிலைத் தோட்ட வாழ்வைப் பாடிய அவரது ஆங்கிலக் கவிதைநூல் 1954 இல் வெளிவந்தது. சக்தீ பாலையாவின் தமிழாக்கம் 1969 இலேயே வந்தது. அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 இற் பதிப்பிக்கப்பெற்றது. உழைப்போரின் அனுபவம் முதலில் ஆங்கிலம் அறிந்தோரை அடைந்து, பின்னரே அவர்தம் மொழிக்கு மீண்டது. இன்று அப்பாடல்கள் ஆய்வுரைகளிற் சான்றாகின்றன. பாடியவரோ சபையில் இல்லை.

இவ்வாறு கூறுவது விரிவுரையை மேடைப்பேச்சாக்கி ஆய்வுக் கண்டிப்பைத் தளர்த்துமென்பார் உளர். எமது கருத்து இதற்கு மாறானது. ஒப்பாரியொன்றின் பாடத்தையும் பொருளையும் அதனைப் பாடும் பெண்ணின் முன்னிலையிலே விளக்க நேர்ந்தால், ஆய்வாளர் அதிகக் கண்டிப்புடனேயே பேசவேண்டியிருக்கும். அவர் திருத்துவார், மறுப்பார், வேறு பாடமும் தருவார்.

மலையகத்தாரின் 200 ஆண்டு வரலாறு 2023 இற் பரவலாக நினைவுகூரப்பட்டது. நினைவுகூர்தல் உரைகளோடு அமையலாகாது. ஆண்டுக்கு ஒரு விரிவுரையேனும் ஞாயிற்றுக்கிழமையில் அட்டனிலோ நுவரெலியாவிலோ நிகழவேண்டும். கேட்டோரின் மறுமொழியும் உரையோடு சேர்த்து மலிவுப் பதிப்பாக அச்சேறவேண்டும். அவ்வாறாயின் 'பொது' என்னும் அடைமொழியை அவ்வுரை உரிமையுடன் தாங்கும்.